ஆடற்பாட்டும் வரலாறும்: ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் கண்டி மலைநாடும்

முன்னுரை

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரசரையும் ஆலயங்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் முதலில் நாடுகின்றனர். இசையின் வரலாற்றை எழுதப் புகுவோரும் இவ்வழியினின்றும் பெரிதும் விலகுவதில்லை. பண்ணும் இராகமும் கீர்த்தனையும் பேசப்படுகின்றன. அண்மைக் காலத்தில் நாட்டார் பாடல்களுக்கும் கூத்துக்கும் உரிய இடம் அளிக்கப்பட்டுள்ளது. ஆயினும், மக்கள் கூடி மகிழ்ந்து ஆடுதற்கென்றே இயற்றப்பட்ட பாடல்கள், அதிலும் நம் பெற்றோர் காலத்தில் இயற்றப்பட்டவை, ஆராய்ச்சிக்குரியனவாக இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கலியாண வீட்டிலும் சுற்றுலாப் பேருந்திலும் பாடப்படும் ஒரு பாட்டுக்கு வரலாறு உண்டா என்னும் ஐயம் கற்றோரிடையே நிலவுகின்றது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கையில் எழுந்த தமிழ்ப் பொப்பிசை இத்தகைய ஒரு வடிவமாகும். அது தமிழ்த் திரைப்பாடலின் பிரதியன்று. மேலைநாட்டுப் பாடலின் மொழிபெயர்ப்புமன்று. இந்நாட்டுத் தமிழரது பேச்சு மொழியில், இந்நாட்டிலே நெடுங்காலம் வழங்கிய ஆடற்றாளமொன்றில், இந்நாட்டு இளைஞர் தாமே இயற்றிப் பாடியது. அதன் தோற்றத்தையும் அதற்கு முன்னோடியாய் அமைந்தவற்றையும், கண்டி மலைநாட்டிலிருந்து நோக்கும்போது அது எழுப்பும் வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொப்பிசை பெரும்பாலும் யாழ்ப்பாணத்தோடும் கொழும்போடும் இணைத்துப் பேசப்படும் ஒன்று. அதனைக் கண்டியிலிருந்து நோக்குவதேன் என்று கேட்கலாம். ஆடற்பாட்டு எவ்வாறு இழிவாகக் கருதப்படுகின்றது, பின்னர் எவ்வாறு மரபுச் செல்வமாக உயர்த்தப்படுகின்றது என்பதற்குக் கண்டியைப் போன்ற தெளிவான சான்று இந்நாட்டில் வேறில்லை என்பதே விடை.

கண்டி அரசவையும் வண்ணமும்

இன்று கண்டி நடனம் இலங்கையின் பண்பாட்டு அடையாளமாக உலகெங்கும் அறியப்படுகின்றது. அந்நடனத்தின் சிறப்புமிக்க கூறுகளுள் ஒன்று 'வண்ணம்' என வழங்கும் பாடலாகும். யானை, மயில், நாகம், குதிரை, அநுமன் முதலியவற்றின் இயல்பையும் அசைவையும் பாட்டாலும் தாளத்தாலும் ஆட்டத்தாலும் புலப்படுத்தும் பதினெட்டு வண்ணங்கள் மரபாக எண்ணப்படுகின்றன. இவ்வண்ணங்களை ஆக்கியோர் பற்றிய செவிவழி மரபு நமக்குச் சுவை பயப்பதாகும். கணிதாலங்கார என்னும் பெயருடைய தமிழ் அறிஞர் ஒருவர், பௌத்த பிக்கு ஒருவரின் துணையுடன் அவற்றை இயற்றினார் என அம்மரபு கூறுகின்றது. மரபுக் கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் முறையன்று. எனினும், கண்டி அரசவையில் தென்னிந்தியத் தொடர்பு ஆழ வேரூன்றியிருந்தமை ஐயத்துக்கிடமற்றது. 1739ஆம் ஆண்டு முதல் 1815ஆம் ஆண்டு வரை கண்டியை ஆண்டோர் மதுரையோடு மணவுறவு கொண்ட நாயக்கர் வழியினராவர். தமிழ் யாப்பிலும் வண்ணப்பாட்டு எனச் சந்தச் சிறப்புடைய பாவகை ஒன்று வழங்கி வருதல் ஈண்டு ஒப்புநோக்கற்குரியது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, இன்று தொன்மை எனப் போற்றப்படும் வண்ணம், தோன்றிய காலத்தில் புத்தம் புதிய பாட்டாகவே இருந்தது. ஆடுவோரின் காலுக்கும் கைக்கும் பொருந்துமாறு, அக்காலத்தில் உயிரோடிருந்த ஒருவர் இயற்றிய பாட்டு அது. இரண்டாவது, அதனை ஆடியும் முழவு கொட்டியும் காத்து வந்த குடியினர் சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தனர். கலை போற்றப்பட்டபோதும் கலைஞன் வாசலுக்கு வெளியே நின்றான். இருபதாம் நூற்றாண்டில் சித்ரசேன போன்றோர் அந்நடனத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்த பின்னரே கற்ற நடுத்தர வகுப்பினர் தம் பிள்ளைகளை அதனைப் பயில அனுப்பத் தொடங்கினர். ஆடற்பாட்டின் மதிப்பு அப்பாட்டினுள் மட்டும் இருப்பதன்று. அதனைப் பாடுவோர் யார், கேட்போர் யார் என்பதைப் பொறுத்து அம்மதிப்பு ஏறவும் இறங்கவும் செய்கின்றது. இவ்வுண்மையைக் கைக்கொண்டே பொப்பிசையை நாம் அணுகுதல் வேண்டும்.

கரையோரத்துப் பைலா

பொப்பிசையின் தாளம் மலையிலிருந்து இறங்கியதன்று. கடலோரத்திலிருந்து ஏறி வந்தது. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் கரையோரப் பகுதிகளில் ஆட்சி செலுத்தினர். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னரும் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் காப்பிரியர் எனப்பட்டனர். இவ்விரு சாராரின் இசையும் கலந்து 'கபிரிஞ்ஞா' என்னும் ஆடலிசை உருவாயிற்று. மட்டக்களப்புப் பறங்கியரிடையேயும், புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களிடையேயும் இம்மரபின் எச்சங்கள் நிலைத்திருக்கின்றன. 'பைலா' என்னும் சொல்லும் ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லினின்றும் பிறந்ததே.

பைலாவின் உயிர் அதன் தாளம். ஆறு சிற்றடிகள் மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு பேரடிகளாக ஒலிக்கும் அமைப்பு அது. நம் இசை மரபில் 'தகிட தகிட' எனச் சொற்கட்டுச் சொல்லும் திஸ்ர நடையோடு இதனை ஒப்பிடலாம். பேரடி இரண்டிலும் கால் தரையில் பதிய, இடைப்பட்ட சிற்றடிகளில் உடல் அசைகின்றது. இதனாலேயே பயிற்சி எதுவும் இல்லாதவரும் பைலாவுக்கு ஆடவியல்கின்றது. ஆடற்கலையில் தேர்ச்சியை வேண்டாத இவ்வெளிமையே அதன் பலம். கற்றோர் அதனை இகழ்வதற்குக் காரணமும் அதுவே.

1940களில், காவற்றுறையிற் பணியாற்றிய வோலி பஸ்தியன் சிங்களச் சொற்களை இத்தாளத்தில் அமைத்துப் பாடி, பைலாவை நகர மக்களின் பாட்டாக்கினார். 1960களில் கிற்றார் ஏந்திய இளைஞர் குழுக்கள் தோன்றின. அவற்றுள் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழுவைச் சேர்ந்த கிளரன்ஸ் விஜேவர்தன மலைநாட்டவர். 1943ஆம் ஆண்டில் அப்புத்தளையிற் பிறந்தவர். இந்தித் திரைமெட்டுகளைத் தழுவிச் சிங்களப் பாட்டியற்றும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில், சொந்த மெட்டும் எளிய சொல்லும் கொண்ட பாடல்களை அவர் ஆக்கினார். தமிழ்ப் பொப்பிசையின் எழுச்சிக்குச் சிங்கள இளைஞரிடையே நிகழ்ந்த இம்மாற்றம் ஓர் அயற்சூழலாக அமைந்தது.

கரையோரத்திசை கண்டிக்கு ஏறிய வழிகளும் எண்ணத்தக்கன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கைப்பற்றி நிலைகொள்ள இயலாத அரசாகக் கண்டி 1815 வரை நின்றமையால், கபிரிஞ்ஞா இங்கு ஊர்வழக்காக வேரூன்றவில்லை. 1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பறங்கியரான புகையிரத ஊழியரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் மலைநாட்டு நகரங்களிற் குடியேறினர். இரண்டாம் உலகப்போரின்போது, 1944ஆம் ஆண்டில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு மாற்றப்பட்டுப் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. அக்கட்டளையத்தின் படையினருக்கென நிறுவப்பட்ட வானொலியின் வலுமிக்க ஒலிபரப்புக் கருவிகள், போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தன. பிற்காலத்தில் இலங்கை வானொலி தென்னிந்தியா வரை பெற்ற பெரும் புகழுக்கு அக்கருவிகள் துணைநின்றன. பேராதனைப் பூங்காவிலிருந்து போரை நடத்தியோர் தம்மையறியாமலே தமிழ்ப்பாட்டுக்கு ஒரு பாதை அமைத்துக் கொடுத்தனர் எனலாம்.

பெரட்டுத் தப்பும் தோட்டத்துப் பாட்டும்

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வேறொரு தாளம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. 1820களில் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றியதிலிருந்து தமிழகத்துக் கிராமங்களினின்றும் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். புகையிரதம் கண்டியை அடைந்த அதே 1867ஆம் ஆண்டில், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்டார். கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது தொழிலாளர் வாழ்வு லயங்களில் நிலைத்தது.

அம்மக்கள் தம்மோடு கொண்டுவந்தவற்றுள் தப்பு முதன்மையானது. விடியுமுன் தப்பொலி எழும்ப வேண்டும். அவ்வொலி கேட்டு ஆண்களும் பெண்களும் பெரட்டுக் களத்திற் கூட வேண்டும். உழைப்புக்கு அழைக்கும் கருவியாகத் தோட்ட நிருவாகம் தப்பைப் பயன்படுத்தியது. அதே தப்பு மாசி மாதத்துக் காமன் கூத்திலும், திருவிழாவிலும், திருமணத்திலும், சாவீட்டிலும் முழங்கிற்று. பகலெல்லாம் ஏவலின் ஒலியாய் இருந்த கருவி இரவில் மக்களின் சொந்த ஒலியாயிற்று. எனினும், தப்பை முழக்கியோர் சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டவராகவே இருத்தப்பட்டனர். கண்டி அரசின் முழவுக் கலைஞருக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. தப்பின் அடிகள் பலவும் திஸ்ர நடையைச் சார்ந்தன. பைலாத் தாளம் மலைநாட்டுத் தமிழரின் செவிக்கு அந்நியமாகத் தோன்றாமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கருத இடமுண்டு.

தோட்டத்து மக்கள் பழைய பாட்டுகளை மட்டும் பாடிக்கொண்டிருக்கவில்லை. கங்காணியையும் துரையையும் கண்டாக்கையாவையும் பற்றிப் புதிய பாட்டுகள் பிறந்தன. தெம்மாங்கும் கும்மியும் பழைய மெட்டிலே புதிய வாழ்வைச் சொல்லின. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரும் (1887–1947) அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் இவ்வியல்பை நன்குணர்ந்திருந்தனர். மக்கள் அறிந்திருந்த மெட்டுகளில் அரசியற் பாடல்களை அமைத்துச் சிறு நூல்களாக அச்சிட்டனர். மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். தோட்டத்துள் வெளியார் நுழைதல் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தில், பேச்சாளன் செல்ல முடியாத லயத்துக்குப் பாட்டு சென்றது. வட்டகொடை, மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக்கினார். அவர் தொகுத்திராவிடின் அவற்றுட் பலவற்றை நாம் இழந்திருப்போம்.

பொப்பிசையின் எழுச்சி

இத்தகைய பின்னணியிலேயே தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த காலத்தொட்டுப் பைலாத் தாளத்தில் தமிழ்ப் பாடல்களை இயற்றிப் பாடினார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகியவை அவர் பெயரை நாடறியச் செய்தன. ஏ.ஈ. மனோகரன் தம் குரல்வளத்தாலும் மேடை ஆட்டத்தாலும் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' எனப் போற்றப்பட்டார். சிங்களமும் தமிழும் விரவிய அவரது 'சுராங்கனி' கடல் கடந்தது. 1977ஆம் ஆண்டில் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது இடம்பெற்றது. அதுகாறும் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பாட்டு, இலங்கையிலிருந்து தமிழகத்துக்குச் சென்ற அரிய நிகழ்ச்சி அது. 2018ஆம் ஆண்டில் அவர் சென்னையிற் காலமானபோது, 'சிலோன் மனோகர்' என்றே தமிழகம் அவரை நினைவுகூர்ந்தது.

இவ்வெழுச்சி தனிமனித ஆற்றலால் மட்டும் விளைந்ததன்று. அதற்குப் பொருளியற் காரணமும் அரசியற் காரணமும் இருந்தன. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. உள்ளூர்ப் படைப்பாளிக்கு இதனால் ஓர் இடைவெளி கிடைத்தது. இதே காலத்தில் இலங்கை வானொலி ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு இடமளித்தது. கொழும்பில் இசைத்தட்டு வெளியிடும் உள்ளூர் நிறுவனங்கள் இயங்கின. 1977இற்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஒலிநாடாப் பதிவுக்கருவிகள் பெருகின. கடைத்தெருக்களிலும் பேருந்துகளிலும் பாட்டு பரவியது. அதேவேளை தென்னிந்தியத் திரைப்பாடலும் தங்குதடையின்றி மீண்டும் வந்தது. அடைத்த கதவின் நிழலில் வளர்ந்த கன்று, கதவு திறந்தபோது வெயிலைத் தாங்க வேண்டியதாயிற்று.

1983ஆம் ஆண்டு யூலை வன்செயல் இவ்விசையின் மக்களைச் சிதறடித்தது. கலைஞரும் கேட்போரும் புலம்பெயர்ந்தனர். போர்க்காலம் வேறு வகைப் பாடல்களை வேண்டி நின்றது. சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் விரவி ஒலித்த மேடை அருகிற்று.

சொந்தப் பாட்டு என்பது யாது?

பொப்பிசையைப் போற்றுவோர், அது 'சொந்தப் பாட்டு' என்பதையே அதன் முதற் சிறப்பாகக் கூறுவர். இச்சொல்லைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். இதற்கு உலக வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புமை துணைபுரியும்.

அமெரிக்காவின் 'கன்ட்றி' இசை, பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறிய ஏழை உழவர் கொண்டுசென்ற கதைப்பாட்டும் வயலினிசையும், ஆபிரிக்க அடிமைகள் கொண்டுசென்ற பான்ஜோ மரபும் கலந்து பிறந்தது. 1927ஆம் ஆண்டில் ரெனசி மாநில எல்லையிலுள்ள பிறிஸ்ரல் நகரில் ரால்ஃப் பியர் என்பார் நடத்திய ஒலிப்பதிவுகள், காட்டர் குடும்பத்தினரையும் ஜிம்மி றொட்ஜேர்ஸையும் புகழுக்குரியவராக்கின. காட்டர் குடும்பத்து ஏ.பி. காட்டர் மலையூர்களிற் சுற்றிப் பழம்பாடல்களைத் தேடினார். லெஸ்லி றிடில் என்னும் கறுப்பினக் கிற்றார்க் கலைஞர் அவருடன் சென்று மெட்டுகளை மனத்திற் பதித்துக் கொடுத்தார். எனினும், உரிமைப்பதிவு காட்டரின் பெயரிலேயே நிகழ்ந்தது. பாட்டு பலருடையது, பெயர் ஒருவருடையது.

அவ்விசை பின்னர் பிரித்தானியாவுக்கே திரும்பியது. தம் முன்னோர் கொடுத்தனுப்பியதை அமெரிக்க உச்சரிப்போடு திரும்பப் பெற்ற பிரித்தானியக் குழுக்கள் பலவும் அமெரிக்கப் புகழ்ப்பாடல்களையே மீளப் பாடிவந்தன. ஆதலின், இன்றும் ஒரு பிரித்தானிய கன்ட்றிக் குழு, தானே இயற்றிய ஆடற்குரிய பாடல்களைக் கொண்ட இசைத்தொகுப்பொன்றை வெளியிடுமாயின், அது தனித்துச் சுட்டப்படும் செய்தியாகின்றது. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பால் ஜிம் றீவ்ஸின் குரல் இந்நாட்டு நடுத்தர வகுப்பு இல்லங்களில் நன்கு பரிச்சயமாயிருந்தது. அதனை அப்படியே திருப்பிப் பாடிய இளைஞரும் இருந்தனர். இரவல் வாங்கிய வடிவில் தன் ஊரைப் பற்றித் தன் சொல்லாற் பாடுவது எவ்விடத்தும் ஒரு துணிவே.

நம் மரபில் மெட்டுக்கு உடைமையாளர் இருந்ததில்லை. சிந்தும் கும்மியும் தெம்மாங்கும் பொதுச்சொத்து. அவற்றிற் புதிய சொல்லைப் பெய்தவன் படைப்பாளியாகவே மதிக்கப்பட்டான். இசைத்தட்டு வந்தபோது நிலை மாறியது. தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் ஒரு பெயரை அச்சிட வேண்டியதாயிற்று. பெயர் அச்சிடப்பட்டவரின் பாட்டு வரலாறாயிற்று. பெயரற்றவரின் பாட்டு 'நாட்டார் வழக்கு' ஆயிற்று. பைலாத் தாளத்தை நூற்றாண்டுகளாகக் காத்த காப்பிரியரின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை. லயத்திற் கொழுந்துப் பாட்டுக் கட்டிய பெண்ணின் பெயரும் இல்லை. பொப்பிசையின் பெருமையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. அப்பெருமையை எழுதும்போதே இப்பெயரின்மையையும் எழுத வேண்டும் என்பதே நம் கருத்து.

இன்னொன்றும் கூறல் வேண்டும். பொப்பிசையின் உலகம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து வேலியும் பனங்கூடலும் கடற்கரையும் கொழும்புத் தெருவுமேயாகும். கண்டி மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி அதனைக் கேட்டான், அதற்கு ஆடினான். அதனுள் அவன் அரிதாகவே காணப்பட்டான். இக்குறை தற்செயலானதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவன் குடும்பத்தை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. பொப்பிசை முழங்கிய அதே 1970களில், கண்டிப் புகையிரத நிலையத்தின் வழியே எண்ணற்ற குடும்பங்கள் தலைமன்னாரை நோக்கிப் பயணப்பட்டன. நாட்டிற் பிரசையாக எண்ணப்படாதவன் பாட்டிலும் பிரசையாகவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

மாறுபட்ட கருத்துகள்

பொப்பிசை ஆராய்ச்சிக்குரியதன்று எனக் கருதுவோர் மூன்று காரணங்களைக் காட்டுவர். சொல் எளியது, பொருள் கேளிக்கை சார்ந்தது, பெண்ணைக் கேலிப் பொருளாக்குகின்றது என்பன அவை. மூன்றாவது குற்றச்சாட்டு புறக்கணிக்கத்தக்கதன்று. மாமி மகளைச் சுற்றிச் சுழலும் நகைச்சுவையில் ஆணின் பார்வையே மேலோங்கி நிற்கின்றது. ஆயினும், ஒரு சமுதாயத்தின் ஆண்மை எண்ணங்களை அறிய விரும்பும் ஆய்வாளனுக்கு அதுவும் சான்றே. சான்றைப் போற்ற வேண்டியதில்லை, பாதுகாத்தல் வேண்டும்.

சொல் எளியது என்னும் குற்றச்சாட்டுக்கு விடை எளிது. ஈழத்துப் பேச்சுத் தமிழ் புனைகதையிற் கையாளப்பட்டபோது அது 'இழிசனர் வழக்கு' என்று பழிக்கப்பட்டமையும், மரபுப் போராட்டம் என்னும் பெயரால் அதன் பொருட்டு 1960களில் நிகழ்ந்த விவாதங்களும் நாம் அறிந்தவையே. எழுத்தில் வென்ற பேச்சுவழக்கைப் பாட்டில் மட்டும் இழிவெனக் கொள்ளுதல் முரணாகும்.

கேளிக்கை என்னும் குற்றச்சாட்டே ஆழமானது. இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டில், அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திர, நாடகம் எனப்படும் கிராமியக் கூத்து மரபினின்றும் 'மனமே'யைப் படைத்தார். பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962ஆம் ஆண்டிற் 'கர்ணன் போர்' ஆடப்பட்டது. 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியன பின்னர் வந்தன. விடிய விடிய ஆடிய கூத்து நேரங் குறுக்கப்பட்டுச் செம்மை பெற்றது. அண்ணாவியாரின் களரியிற் கேளிக்கையாயிருந்தது, பல்கலைக்கழகத்தின் கைபட்டதும் தேசியக் கலையாயிற்று. கூத்து ஒரே இரவில் மாறிவிடவில்லை. அதனை நோக்கிய கண்ணே மாறிற்று. அப்பணி பெரும்பணி. ஆனால், அதே பத்தாண்டில் அம்பாறைத் தொழில்நுட்ப மாணவன் கிற்றாரோடு செய்ததைப் பல்கலைக்கழகம் காணவில்லை. பழைமைக்கு நாம் காட்டிய பரிவைப் புதுமைக்குக் காட்டவில்லை. கிராமத்தவனின் ஆட்டம் கலையாயிற்று. பேருந்து நிலையத்து இளைஞனின் ஆட்டம் கூச்சலாகவே இருந்துவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. ஆடற்பாட்டு வரலாற்றின் ஓரத்திற் கிடப்பதன்று. கண்டி அரசவையின் வண்ணம் முதல் கரையோரத்துப் பைலா வரை, பெரட்டுத் தப்பு முதல் பொப்பிசை இசைத்தட்டு வரை, இந்நாட்டில் யார் யாரோடு கூடி ஆடினர், யார் ஆட அழைக்கப்படவில்லை என்பதை அது காட்டுகின்றது. அரச கட்டளைகளும் சட்டங்களும் மக்களைப் பிரித்து வைத்த காலத்திலும் தாளம் எல்லை கடந்தது. எனினும், தாளம் கடந்த எல்லையைப் பெயரும் உரிமையும் எளிதிற் கடக்கவில்லை.

சான்றுகள் விரைந்து அழிகின்றன. இசைத்தட்டு தேய்கின்றது, ஒலிநாடாவைப் பூஞ்சணம் பற்றுகின்றது, பாடியோரும் கேட்டோரும் முதுமையெய்தி மறைகின்றனர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே படியாக இருந்த சான்றுகளை இழப்பது எத்தகைய இழப்பென்பதைத் தமிழ் மக்கள் கண்ணாரக் கண்டனர். மலையகத் தமிழரின் முன்னோர் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்தமை 2023ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்த நடைபயணம், ஆவணங்களில் இடம்பெறாத ஒரு பயணத்தைக் காலால் எழுதிக் காட்டியது. அத்தகைய முயற்சி பாட்டுக்கும் வேண்டும்.

பேராதனையிற் பயிலும் மாணவர்க்கு இவ்வகையில் ஓர் அரிய வாய்ப்புண்டு. இப்பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்தே தோட்டங்கள் உள்ளன. இங்கு பயில்வோருள் அத்தோட்டங்களின் லயங்களிற் பிறந்தோரும், மட்டக்களப்பினரும், வடபுலத்தோரும், புத்தளத்தாரும் உளர். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் முதியோர் ஒருவரையேனும் அணுகி, தம் இளமையில் எப்பாட்டுக்கு ஆடினீர்கள், அதனை யார் கட்டினார், யார் முழக்கினார் என வினவிப் பதிவுசெய்து கொணர்வாராயின், சில ஆண்டுகளிலே வேறெங்கும் இல்லாத ஒரு தொகுதி நம் கையில் இருக்கும். பாடியவரின் பெயரோடு கட்டியவரின் பெயரையும், முழக்கியவரின் பெயரையும், ஊரையும், ஆண்டையும் குறித்தல் முதற்கடனாகும். சி.வி. வேலுப்பிள்ளை தனியொருவராய்ச் செய்ததைத் தமிழ்ச் சங்கம் கூடிச் செய்தல் இயலாததன்று. அவ்வாறு செய்தபின்னரே, எது கலை எது கேளிக்கை எனத் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு வரும்.